மணிக்கணக்கு

"பேஜுக்கு எவ்வளவுங்க?" என்பதுதான் அன்றைக்கு எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. 2006 வாக்கில் கோவையில் வெப்சைட் செய்து கொடுத்த எங்களைப் போன்றவர்கள் பக்கக் கணக்கில்தான் விலை சொன்னோம். முகப்பு, எங்களைப் பற்றி, தயாரிப்புகள், தரம், தொடர்புக்கு என்று அஞ்சு பேஜ். முகப்புக்கு முன்னால் ஃபிளாஷில் லோகோ சுழன்று வரவேண்டும் என்றால் அதற்குத் தனி விலை. இதுவரை எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் கவுன்ட்டர் இனாம். தயாரிப்புப் பக்கத்தில் எட்டு பம்ப்செட் வருமா, எண்பது வருமா என்பதைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை. பேஜ் என்றால் பேஜ்.

அந்த வருஷம்தான் நான் பீளமேட்டுக் கம்பெனி வேலையை விட்டு, வீட்டிலிருந்தே தொழில் தொடங்கியிருந்தேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கம்பெனியில் டிசைனர் என்றால் டிசைன் செய்தால் போதும். கிளையன்டிடம் பேச ஒருவர், கோடு எழுத ஒருவர், பில் போட ஒருவர் இருப்பார்கள். வீட்டில் எல்லாமே நான். போதாததற்கு, பகலில் வீட்டில் இருக்கிறவள் என்பதால் தெருவில் நாலு வீட்டு கேஸ் சிலிண்டரை வாங்கி வைக்கும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவரிடம் வேலை பேசப் போனேன். அறுபதை நெருங்கிய மனிதர். அஞ்சு பேஜுக்கு இவ்வளவு என்று நான் சொன்னதும் சிரித்தார். "பேஜை விடுங்க அம்மணி. உங்களுக்கு இதுக்கு எத்தனை மணி நேரம் ஆகுது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "தெரியாம எப்படிங்க ரேட் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு டி-ஷர்ட்டின் காஸ்டிங் தாளை எடுத்துப் போட்டார். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வரிசையாக இருந்தது. துணி வேலைக்குக் கிலோவுக்கு இவ்வளவு, தையலுக்குப் பீஸுக்கு இவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டிய பிறகு வேஸ்டேஜ் என்று ஒரு சதவீதம், அதற்கும் கீழேதான் லாபம். "வேஸ்டேஜ் போடாத காஸ்டிங் காஸ்டிங்கே இல்லீங்க" என்றார். இவ்வளவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் விலையில் ஆயிரம் ரூபாய் குறைக்கவும் அவர் மறக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எந்த கிளையன்ட், என்ன வேலை, எப்போது உட்கார்ந்தேன், எப்போது எழுந்தேன். இன்றைக்கு இதற்கென்றே டாகிள், க்ளாக்கிஃபை போன்ற ஆப்கள் இருக்கின்றன. பட்டனைத் தட்டினால் நேரம் ஓடும், மாதக் கடைசியில் தானே கூட்டிக் காட்டும். நான் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறேன். எதில் எழுதினாலும் சரி, எழுதுவதுதான் விஷயம். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று யாராவது கேட்டால், லேப்டாப்புக்கு முன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

சில மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது, உட்கார்ந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் டிசைனும் கோடும். மீதி எங்கே போயிற்று? லோகோ வாங்குவதில் போயிற்று. கிளையன்டிடம் விசிட்டிங் கார்டுதான் இருக்கும். லோகோவின் அசல் ஃபைல் கார்டு அடித்த டிடிபி சென்டரில், கோரல் டிராவில் இருக்கும். அந்தக் கடைக்காரர் அதைத் தந்துவிட்டால் அடுத்த பிரிண்டிங் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும் என்ற பயத்தில் இழுத்தடிப்பார். நல்லவராக இருந்து கொடுத்தாலும், என் கம்ப்யூட்டரில் கோரல் டிரா கிடையாது. பிற்பாடு இங்க்ஸ்கேப் கோரல் ஃபைல்களைத் திறக்கக் கற்றுக்கொண்டது என்றாலும், எழுத்தெல்லாம் இடம் மாறித்தான் நிற்கும். "எழுத்தை கர்வ்ஸாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுங்கள்" என்று கேட்கத் தெரிந்தது பெரிய விடுதலை. எந்த டிடிபி கடையிலும் இந்த ஒரு வாக்கியம் புரியும், கோரல் ஃபைலைத் தருவதில் உள்ள தயக்கமும் இதில் இருக்காது.

படங்களும் அப்படித்தான். அன்றைக்கு சிடியில் வரும், இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று சொல்லாவிட்டால், மிஷின் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்கையில் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்து விஷயம் இன்னும் மோசம். "கன்டென்ட் நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க" என்று சொல்லாத கிளையன்ட் அபூர்வம். அதனால் கொட்டேஷனில் கன்டென்ட் எழுதுவதைத் தனி வரியாக, தனி மணிக்கணக்கோடு போட ஆரம்பித்தேன். விலையைப் பார்த்ததும் பாதிப் பேர் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் காசு கொடுத்தார்கள். இரண்டும் எனக்கு லாபம்தான்.

இனி கணக்குக்கு வருகிறேன், இதைத்தான் இளையவர்கள் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் பில் போடக்கூடிய வேலை ஐந்து மணி நேரம் தேறும். மாதம் 22 நாள் என்றால் 110 மணி நேரம். அதில் கால்பங்கு வேஸ்டேஜ்: காய்ச்சல், கல்யாணம், மகள் பள்ளியில் பேரன்ட்ஸ் மீட்டிங், வேலையே இல்லாத வாரம். கையில் நிற்பது 80 சொச்சம். வீட்டுச் செலவு 30,000, கரண்ட், நெட், சாஃப்ட்வேர், லேப்டாப் தேய்மானம் எல்லாம் 6,000, வரிக்கும் சேமிப்புக்கும் 9,000 என்று வைத்தால் மாதம் 45,000 வேண்டும். எண்பதால் வகுத்தால் மணிக்கு 560 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். இதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டுத் தொழில் செய்வதாக அர்த்தம்.

அடுத்து, இதே எண்களைத் திருப்பிப் போட வேண்டும். சந்தையில் ஒரு சின்ன சைட்டுக்கு 8,000 ரூபாய்தான் தருகிறார்கள் என்றால், அதற்கு 14 மணி நேர உழைப்புதான் கொடுக்க முடியும். நாற்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு நல்ல சைட்டுக்கு 22,000-க்கு மேல் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்குக் கையில் இருப்பதே 960 மணி நேரம். நாற்பது மணி நேர சைட் என்றால் மொத்தம் 24. மாதம் இரண்டு. வருஷத்துக்கு நூறு சைட் முடிக்கப் போகிறேன் என்று ஒரு தம்பி ஒரு மீட்டிங்கில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு சைட்டுக்குப் பத்து மணி நேரம்கூட வராதே என்று நான் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன்.

கருவிகள் பற்றிக் கேட்காதவர் கிடையாது. ட்ரீம்வீவரா, ஃப்ரன்ட்பேஜா என்பது அன்றைய சண்டை. ட்ரீம்வீவரைச் செய்த மேக்ரோமீடியாவை 2005-ல் அடோபி வாங்கியது. 2013-லிருந்து அடோபி தன் சாஃப்ட்வேரைப் பெட்டியில் விற்பதை நிறுத்தி, மாத வாடகைக்கு விட ஆரம்பித்தது. ஆறு மாதம் வேலை இல்லாவிட்டாலும் வாடகை மட்டும் போய்க்கொண்டிருக்கும் என்பது தனியாளுக்குச் சரிப்படாத ஏற்பாடு. நான் அதற்கு முன்பே நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ், ஃபைல்ஸில்லா, கிம்ப் என்று இலவசத்துக்கு இறங்கிவிட்டிருந்தேன். 2006-ல் ஃபயர்ஃபாக்ஸுக்குள் ஓடும் ஃபயர்பக் வந்தது. அதற்கு முன் ஒரு கட்டம் ஏன் நாலு பிக்சல் தள்ளி நிற்கிறது என்று தெரிய, ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபயர்பக் வந்த பிறகு மவுஸை வைத்தால் அந்தக் கட்டத்தின் ஜாதகமே தெரிந்தது. மணிக்கணக்கு நோட்டில் கண்கூடாக நேரத்தைக் குறைத்த ஒரே சாஃப்ட்வேர் அதுதான். இன்றைக்கு எல்லா பிரவுசரிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது, பெரும்பாலும் எஃப்12 அழுத்தினால் திறக்கும். அதை முழுதாகப் பழகாமல் புதுசு புதுசாக ஃப்ரேம்வொர்க் தேடிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஃபயர்ஃபாக்ஸில் சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாத காலம் அது. கிளையன்டின் ஆபீஸில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி, அதில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. இடது பக்கம் மிதக்க விட்ட கட்டத்துக்குப் பத்து பிக்சல் ஓரம் கொடுத்தால் அது இருபதாகக் காட்டும். பின்னணி தெரிய வேண்டிய பிஎன்ஜி படத்தின் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு, அத்தனையும் மனப்பாடம். அந்த வித்தையால் பில் போட்டுச் சம்பாதித்தவர்கள் நாங்கள். 2022 ஜூனில் அந்த பிரவுசர் வரிசையே ஓய்வு பெற்றது. அதற்கு முன்பே, 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் போய்விட்டது. ஃபிளாஷ் மட்டுமே தெரிந்த நண்பர் ஒருவர் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு மாறினார். அதில் நன்றாகவே இருக்கிறார்.

என் காலத்தில் மாறாமல் நின்றவை எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும்தான். டேவ் ஷே 2003-ல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளத்தைக் கம்பெனியில் இருந்தபோதே பார்த்திருந்தேன். ஒரே எச்டிஎம்எல் ஃபைல். சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றினால் ஒரு தரம் தோட்டம், ஒரு தரம் செய்தித்தாள், ஒரு தரம் சினிமா போஸ்டர். டேபிளுக்குள் டேபிள் வைத்து ஃபோட்டோஷாப் படத்தைத் துண்டு போட்டு அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2010 மே மாதம் ஈத்தன் மார்க்காட், திரைக்கேற்ப விரிந்து சுருங்கும் சைட் பற்றி எழுதினார். ஊரில் அதன் தேவை உறைக்க ஆறு வருஷம் ஆயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் தங்கள் சைட்டைப் பார்த்த முதலாளிகள், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு போனில் திறந்து பார்த்து, "என்னங்க, எழுத்து எறும்பு மாதிரி இருக்குது" என்றார்கள். அந்த ஒரு வருஷம் எனக்குப் புது சைட் வேலையே குறைவு. பழையதைப் போனுக்கு ஏற்றவாறு திருத்தும் வேலைதான்.

அப்போது ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே ஒரு ஆண்ட்ராய்ட் போன் வாங்கினேன், டெஸ்ட்டிங்குக்கு மட்டும். மெமரி நிறைந்து, திரையில் கீறல் விழுந்து, மெதுவாக ஓடும் போன். அதில் ஓடினால் எதிலும் ஓடும். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு கிளையன்டின் சைட்டை அதில் திறந்து, பஸ் வருவதற்குள் படங்கள் வருகின்றனவா என்று பார்த்திருக்கிறேன். டிசைனர்கள் பெரிய திரை மானிட்டருக்குச் செலவழிக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழிக்கலாம்.

மற்றபடி இன்றைக்கு என்னிடம் இருப்பவை: விஎஸ் கோடு, கிட், ஃபிக்மா, படத்தைச் சுருக்க ஸ்கூஷ். எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. ஃபிக்மா இலவசக் கணக்கில் தனியாளுக்குப் போதுமான இடம் இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடுவதால் கிளையன்டுக்கு லிங்க்கை அனுப்பினால் போதும். ஆனால் என் நேரத்தை மிச்சப்படுத்துவது இவற்றையெல்லாம்விட, நானே சேர்த்து வைத்திருக்கும் ஒரு ஃபோல்டர். அதில் தொடக்க எச்டிஎம்எல் ஃபைல், அடிப்படை சிஎஸ்எஸ், தொடர்புப் படிவம், கொட்டேஷன் மாதிரி, கிளையன்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள், சைட்டை ஒப்படைக்கும்போது தரவேண்டிய பாஸ்வேர்ட் தாள். தொடர்புப் படிவம் ஒன்றுக்கே எத்தனை மணி நேரம் கொடுத்திருக்கிறேன்! ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பி மூலம் நேரடியாக அனுப்பிய மெயில் ஸ்பேமுக்குப் போய்விடும். "வெப்சைட் போட்டு ஆறு மாசம் ஆச்சு, ஒரு என்கொயரிகூட வரலீங்க" என்று கோபமாகக் கூப்பிடுவார்கள். வந்திருக்கும், ஸ்பேமில் கிடக்கும். எஸ்எம்டிபி வழியாக, சரியான முகவரியிலிருந்து அனுப்பும்படி ஒரு தரம் செய்து ஃபோல்டரில் போட்டுவைத்தேன். பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இன்வெர்ட்டரையும் கருவியில்தான் சேர்க்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இது விளங்காது. 2012-ல் அங்கே ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் கரண்ட் போனது. எங்கள் பக்கம் பத்து மணி நேரத்துக்கும் மேல் போன நாள்கள் உண்டு. மணிக்கு ஒரு தரம் போய், மணிக்கு ஒரு தரம் வரும். இன்வெர்ட்டர் பேட்டரி நிறைவதற்குள் மறுபடியும் போய்விடும். மகள் தூங்கிய பிறகு வேலை செய்வது என் பழக்கம். பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை டவுன்லோடுக்குக் கணக்கு இல்லை என்ற பிளான் ஒன்று இருந்தது. கரண்ட்டும் நெட்டும் என் விழிப்பும் ஒன்றாகச் சேரும் நேரம் எது என்று பார்த்து, அதில் டிசைனை வைத்துக்கொண்டேன். கரண்ட் இல்லாத நேரத்தில் தாளில் பென்சிலால் பக்கம் வரைந்தேன். அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது, கிளையன்டுக்கும் அது பிடிக்கிறது. பென்சில் கோட்டைத் திருத்தச் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. வண்ணம் போட்ட டிசைனில்தான் "ரொம்ப செலவாயிருக்குமே" என்று வாயை மூடிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு குறை சொல்வார்கள்.

தமிழில் சைட் வேண்டும் என்று கேட்டால் கொட்டேஷனில் நாலு மணி நேரம் கூட்டிக்கொள்வேன். எழுத்து பெரும்பாலும் டிடிபி கடையில் அடித்ததாக இருக்கும். வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் இருக்கும். அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக விழும். என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கி, பிறகு உட்கார்ந்து ஒரு தரம் முழுக்கப் படித்தாக வேண்டும். மாறும்போது கொம்பும் காலும் எங்காவது தவறிப்போகும். முன்பெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டரில் லதா ஃபான்ட் ஒன்றுதான் கதி. இன்றைக்கு கூகுள் ஃபான்ட்ஸில் ஹிந்த் மதுரை, முக்த மலர், பாலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே விசிறியும் கீழே சுழியும் முட்டிக்கொள்ளும், 1.7 மடங்காவது வேண்டும். பட்டன்களில் "தொடர்புகொள்ளுங்கள்" என்பது ஆங்கிலச் சொல்லைப் போல இரண்டு மடங்கு நீளும். ஆங்கிலத்தில் டிசைன் செய்து முடித்துவிட்டுத் தமிழை ஊற்றினால் எல்லாம் வழியும். தமிழில் முதலில் செய்துவிட்டால் ஆங்கிலம் தானே அடங்கிக்கொள்ளும்.

2011 ஜனவரி இறுதியில், நொய்யல் ஆற்றுச் சாயக் கழிவு வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஆறு செத்துக்கொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தச் சமயம் என் வருமானத்தில் பெரும்பகுதி திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தது. சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் ஷிப்மென்ட் இல்லை. அந்த நிலையில் வெப்சைட்டுக்கு யார் செக் போடுவார்கள்? "ரெண்டு மாசம் போகட்டும் அம்மணி" என்றார்கள், மரியாதையாகத்தான். அதற்குப் பிறகு ஒரே ஊரின் ஒரே தொழிலிலிருந்து என் மணிக்கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். பொள்ளாச்சி ரிசார்ட், வெட் கிரைண்டர் கம்பெனி, பல் மருத்துவர், ஊட்டியில் ஒரு தேயிலைக் கடை. தொகை சின்னது, ஆனால் எல்லோரும் ஒரே நாளில் படுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் ஈலான்ஸ் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் கணக்கு தொடங்கி வெளிநாட்டு வேலைக்குப் போட்டி போட்டேன். நல்ல பள்ளிக்கூடம். ஐந்து வரியில் உன்னால் என்ன செய்ய முடியும் என்று சொல்லப் பழகிக்கொடுத்தது. ஆனால் ஒரு வேலை கிடைக்கப் பல புரொபோசல் எழுத வேண்டும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. 2011 மார்ச்சிலிருந்து பேபால் வழியாக ஒரு பரிவர்த்தனைக்கு 500 டாலர்தான் வாங்கலாம் என்று விதி வந்தது. பில்லை இரண்டாக உடைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அதே வருஷம் பிற்பாடு 3,000 டாலராக உயர்ந்தது. ஈலான்ஸும் ஓடெஸ்க்கும் இணைந்து 2015-ல் அப்வொர்க் ஆயின. 2016-ல் ஒவ்வொரு கிளையன்டிடமும் முதல் 500 டாலருக்கு 20 சதவீதம் கமிஷன் என்றார்கள். இப்போது அதில் இறங்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, முதல் வருஷம் அதை வருமானத்தில் எழுதாதீர்கள், படிப்புச் செலவில் எழுதுங்கள். டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மயங்குகிறவர்கள் புரொபோசல் எழுதிய ராத்திரிகளால் வகுத்துப் பார்ப்பதில்லை.

கிளையன்டிடம் என் நிபந்தனைகள் இவைதான்: அட்வான்ஸ் ஐம்பது சதவீதம், டிசைன் ஒப்புக்கொண்டதும் முப்பது, லைவ் போவதற்கு முன் இருபது. திருத்தம் இரண்டு முறை. மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு. "சின்ன சேஞ்ச்தானுங்க" என்பார்கள். உண்மையிலேயே சின்னதுதான், பதினைந்து நிமிஷம். அது மாதத்தில் இருபது தரம் வரும்போது ஒரு முழு நாள். டொமைன் கிளையன்டின் பெயரில், கிளையன்டின் மெயிலில், கிளையன்டின் கார்டில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். முன்னாள் டிசைனர் தன் பெயரில் பதிந்துவைத்துவிட்டுப் போன் எடுக்காமல் போனதால், பத்து வருஷம் பாக்கெட்டில் அச்சடித்த வெப்சைட் முகவரியை இழந்த மசாலாக் கம்பெனியைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் பில்லில் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தருவார்கள். அந்தப் பணம் உங்களுடையதுதான், வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பாருங்கள். ஏறாவிட்டால் அவர்களுடைய ஆடிட்டரை நச்சரியுங்கள்.

இலக்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் ஏஎம்சி எனும் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்தான். தொடங்கும்போது ஆர்.எஸ்.புரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ், பத்துப் பேர் வேலை என்றெல்லாம் எனக்கும் கனவு இருந்தது. நோட்டில் கூட்டல் போட்டுப் பார்த்தபோது, நான் ஆசைப்பட்டது கண்ணாடிக் கதவுக்கு அல்ல, ஒன்றாம் தேதி நிம்மதிக்கு என்று தெரிந்தது. ஏஎம்சி என்றால் வேர்ட்பிரஸ் அப்டேட், பேக்கப், எஸ்எஸ்எல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, விலைப்பட்டியல் மாற்றுவது. ஒரு கிளையன்டுக்கு மாதம் ஒன்றரை மணி நேரம் போதும். பதினைந்து பேர் இருந்தால் இருபத்திரண்டரை மணி நேரம், மாதத்தில் கால்பங்குக்குச் சற்று மேல் நிச்சயமாக நிரம்பிவிடும். பாக்கிக்கு மட்டும் ஓடினால் போதும். முதல் வருஷம் மூன்று பேர், அடுத்த வருஷம் ஐந்து பேர் என்று வைத்தாலே பெரிய இலக்கு. முதல் ஏஎம்சி கிடைத்துவிட்டால் வேர்ட்பிரஸில் கண்ட கண்ட ப்ளக்இன்னைப் போடும் ஆசையும் போய்விடும். உடைந்தால் ராத்திரி உட்காரப்போவது யார்? அஞ்சு பக்கம், வருஷத்துக்கு இரண்டு தரம் மாறும் சைட் என்றால் நான் இன்னமும் சாதா எச்டிஎம்எல்தான். அதை ஹேக் செய்ய வருகிறவனுக்கும் சுவாரசியம் இருக்காது.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏஎம்சி கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றலாம் என்பது என் கணக்கு. ஏற்றுவதாக மெயில் அடிப்பேன், அனுப்ப மனம் வராது, டிராஃப்டில் கிடக்கும். கணபதியில் இருக்கும் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போன வருஷம் ஒருவழியாக அனுப்பிவிட்டு, என்ன சொல்வார்களோ என்று இருந்தேன். மறுநாள் அவர்களுடைய அக்கவுன்டன்ட் கூப்பிட்டார்.

"மேடம், பத்து பர்சென்ட்னு போட்டிருக்கீங்க, சரிங்களா?"

"ஆமாங்க. கொஞ்சம் அதிகம்னா பேசிக்கலாம்."

"இல்லீங்க, நாங்க ரெண்டு வருஷமா பட்ஜெட்ல பதினஞ்சு போட்டே வெச்சிருக்கிறோம். நீங்கதான் கேக்கவே இல்லை. பில்லை மாத்தி அனுப்புறீங்களா, இல்லை இதையே பாஸ் பண்ணட்டுங்களா?"

மாற்றி அனுப்பினேன்.